பத்து ஆம்ப் வீட்டில் ஒரு திருடன்

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வேன் வரும் என்று ஏற்பாடு. வேன் வந்தால் ஃப்ரீசர் போய்விடும். ஃப்ரீசர் போனால் விதாதின் தொழிலும் அதன் பின்னாலேயே நான்கு மாடி இறங்கிப் போய்விடும்.

அவள் என் கதவைத் தட்டியபோது மணி ஒன்பது. தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடித்தாள்.

"ஹியாம்! கதவத் திறடி! என் வீட்ல திருடன் இருக்கான்!"

கத்தரிக்கோலோடு ஓடினேன். நான் தையல்காரி. என்னிடம் உள்ள ஆயுதம் அதுதான்.

"எங்கடி? உள்ளயா? ஃபத்லோ அண்ணே எங்க?"

"அவரு மீன் ஏலத்துல. திருடன் கரண்டுல."

கத்தரிக்கோலை இறக்கினேன்.

விதாத் உள்ளே வந்து, சோபாவில் உட்கார இடம் தேடினாள். இடம் இல்லை. தைத்து முடித்து, தேய்ப்பதற்காகக் காத்திருக்கும் பேன்ட்டும் பாவாடையும் மலையாகக் கிடந்தன. ஜெனரேட்டர் கரண்டில் என்னுடையது ஐந்து ஆம்ப் வீடு. இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் அந்த நொடியே பிரேக்கர் விழும். அதனால் சர்க்கார் கரண்ட் வந்தால்தான் எனக்குத் தேய்ப்பு. மற்ற நேரமெல்லாம் தெருமுனை ஜெனரேட்டர்தான் எங்கள் அல்மீனா ஊருக்குச் சோறு போடுகிறது.

விதாத் துணி மலையின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு ஒரு சீட்டை நீட்டினாள். ஜெனரேட்டர்க்காரரின் மாதச் சீட்டு. தொகையைப் பார்த்தேன். என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"நூத்தி நாப்பத்திரண்டு டாலரா? போன மாசம் எவ்ளோ?"

"நாப்பத்தஞ்சு."

"பத்து ஆம்புக்கு மாறினா கொஞ்சம் ஏறும்னு தெரியும். அதுக்காக இப்படியா?"

"அதத்தான் நானும் கேக்கறேன். அவரு கேக்கல. ஃப்ரீசர்தான் திங்குதுன்னு ஒரே முடிவு. ஃப்ரீசர் வித்த கடைக்காரன் அபு ஸுஹேலுக்கு நேத்தே போன் போட்டுட்டாரு. பிடிக்கலன்னா ஒரு மாசத்துக்குள்ள திருப்பி எடுத்துக்கறேன்னு சொன்னான் இல்ல? இன்னிக்குத்தான் கடைசி நாள்."

விஷயம் புரிந்தது. விதாத் கிப்பே பிடிப்பதில் கெட்டிக்காரி. உடைத்த கோதுமையையும் கறியையும் சேர்த்து அரைத்து, உள்ளே வெங்காயமும் பைன் பருப்பும் வைத்து அவள் பிடிக்கும் உருண்டை ஒன்றுகூட எண்ணெயில் வாய் பிளக்காது. பத்து வருடம் சும்மா பிடித்துக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால்தான், பழைய சாமான் சந்தையில் மேலே மூடி திறக்கும் ஒரு ஃப்ரீசரை வாங்கிப்போட்டு, உறைய வைத்து விற்க ஆரம்பித்தாள். அதற்காகத்தான் ஐந்து ஆம்ப் பத்து ஆம்ப் ஆனது. அடுத்த சனிக்கிழமை ஒரு ஞானஸ்நான விருந்து. முந்நூறு கிப்பே, கறி அடைத்து மடிக்கும் சம்பூசெக் இருநூறு. பாதி ஏற்கெனவே ஃப்ரீசருக்குள் கல்லாகிக் கிடந்தது.

"ஃப்ரீசர்தான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சோதனை பண்ணாரு. ஃப்ரீசரப் பிடுங்கிட்டு நாலு மாடி இறங்கிப் போய் மீட்டரப் பாத்தாரு. சிமிட்டறது பாதிக்கு மேல கொறஞ்சு போச்சாம். 'பாத்தியா, பாத்தியா'ன்னு படி ஏறி வர்ற வரைக்கும் கத்தினாரு."

எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் விதாதின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு மனசு ஒத்துக்கல ஹியாம். மூடியத் திறந்து மூடும்போதெல்லாம் அதோட மோட்டார் சத்தத்தக் கேக்கறேன். ரொம்ப நேரம் சும்மாதான் கிடக்கு. இவ்ளோ திங்கற மிருகம் இவ்ளோ தூங்குமா?"

மணி ஒன்பது பத்து. பன்னிரண்டுக்கு வேன்.

"வா, எண்ணிப் பாக்கலாம்" என்றேன்.

எங்கள் கட்டடத்தின் வாசலில், அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜெனரேட்டர் மீட்டர்களின் இரும்புப் பெட்டி. எல்லா வீட்டுக்கும் ஒரு மீட்டர், ஒரு பிரேக்கர். மீட்டரின் நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு. கரண்ட் ஓடினால் அது சிமிட்டும். நிறைய ஓடினால் படபடவென்று, கொஞ்சம் ஓடினால் சோம்பலாக.

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு காதில் போன். நான்காவது மாடியில் மறுமுனையில் விதாத். பிளக்குகளைப் பிடுங்குவதற்கு அவள் மகள் லமீஸ். பதினேழு வயது, இடுப்பு வரை முடி, அந்த முடியைத் தினம் அலசாவிட்டால் அவளுக்கு உலகம் இருண்டுவிடும்.

ஆரம்பிப்பதற்குள் ஃபத்லோ வந்துவிட்டார். கையில் மீன் பை, மேலெல்லாம் மீன் வாசம். ஏலத்தில் கணக்கு எழுதுகிற மனிதர். ஆனால் மீனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"என்ன ஹியாம், போஸ்ட்மேன் வேலையா?"

"உங்க ஃப்ரீசருக்கு வக்கீல் வேலை அண்ணே."

"கேஸ் முடிஞ்சு போச்சு. நேத்தே தூக்குத் தண்டனை கொடுத்தாச்சு. நான் குளிச்சிட்டு வர்றேன், நீங்க அப்பீல் பண்ணுங்க."

படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறைப் பாட்டு படிக்கட்டு வழியே தரைத்தளம் வரை வழிந்தது. அரை மணி நேரம் பாடினார். அவர் பாட்டு ஓய்ந்த பிறகுதான் லமீஸுக்குக் காது கேட்டது, வேலை தொடங்கியது. மணி பத்து.

"இப்ப எல்லாம் ஓடுதுடி. ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர், டிவி, ரூட்டர், விளக்கு. எண்ணு!" என்றாள் விதாத்.

கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன்.

"ஐம்பத்திரண்டு."

"ஐயோ."

"பயப்படாத. முதல்ல உன் செல்லப்பிள்ளையப் பிடுங்கு."

ஃப்ரீசரைப் பிடுங்கினார்கள். எண்ணினேன். எனக்கே நம்ப முடியாமல் இன்னொரு தடவை எண்ணினேன்.

"நாப்பத்தொன்பது."

"மூணுதான் கொறஞ்சுதா?"

"மூணேதான். உன் மிருகம் நிமிஷத்துக்கு மூணு சிமிட்டு திங்குது. பூனைகூட இதவிட அதிகம் திங்கும்."

போனுக்குள் ஒரு கூச்சல். விதாத் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. பின்னாலிருந்து ஃபத்லோவின் குரல்: "அதெப்படி? நேத்து நான் பாத்தப்ப பாதிக்கு மேல கொறஞ்சுதே! அவளுக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்லு!"

"ஏழு பேரு இடுப்பு அளவ மனசுல வச்சிருக்கறவ நான். எனக்கா எண்ணத் தெரியாது? நீங்களே இறங்கி வாங்க அண்ணே!"

இறங்கி வந்தார். ரோஜாப்பூ மாதிரி சிவந்து, வாசனைச் சோப்பு மணக்க, தலையில் துண்டோடு. ஸ்டூலை எடுத்துக்கொண்டார். நான் நின்றேன்.

வேட்டை தொடர்ந்தது.

ஃப்ரிட்ஜைப் பிடுங்கினார்கள். நாற்பத்தைந்து. டிவியும் அதன் கீழே எப்போதும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும் பெட்டியும் போயின. நாற்பத்து இரண்டு. ரூட்டர், சார்ஜர்கள், கூடத்து விளக்கு. லமீஸ் தன் போனின் சார்ஜரை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டு, தோற்று, பிடுங்கினாள்.

"முடிஞ்சுது. வீடு இருட்டா இருக்கு. ஒரு பல்புகூட இல்ல. எண்ணுங்க" என்றாள் விதாத்.

ஃபத்லோ எண்ணினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நிற்கவில்லை.

"நாப்பது" என்றார் மெதுவாக.

எதுவும் ஓடாத வீடு. நிமிடத்துக்கு நாற்பது சிமிட்டல். சிவப்புப் பொட்டு எங்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருந்தது.

ஃபத்லோ ஸ்டூலிலிருந்து எழுந்தார். முகத்திலிருந்த ரோஜா போய், மிளகாய் வந்திருந்தது.

"திருட்டு லைன்" என்றார். "யாரோ நம்ம வயர்ல கொக்கி போட்டிருக்காங்க. யாருன்னும் எனக்குத் தெரியும்."

அவர் விரல் மேலே காட்டியது. ஐந்தாவது மாடி. வாத்தியார் நக்லே.

நக்லே தனி ஆள். பிரெஞ்சு வாத்தியார். ஐந்து ஆம்ப் வீடு. ஆனால் அந்த ஐந்து ஆம்பில் மீன் தொட்டி ஓடும், பாட்டு ஓடும், ஞாயிற்றுக்கிழமை கேக் வாசனையும் வரும். அவர் வீட்டு பிரேக்கர் விழுந்து யாரும் பார்த்ததே இல்லை. இது கட்டடத்தின் நெடுநாள் புதிர். புதிர் இப்போது குற்றச்சாட்டாக மாறியது.

"வாத்தியாரே!" ஃபத்லோ படிக்கட்டின் நடுவெளியில் தலையை நிமிர்த்தி முழங்கினார். "உங்க மீன் தொட்டி எங்க வீட்டுக் கரண்ட்ல நீந்துதா?"

ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறக்கும் சத்தம். சனிக்கிழமை காலையில் இதைவிடக் கட்டடத்துக்கு என்ன வேண்டும்?

நக்லே இறங்கி வந்தார். அவசரமில்லை. ஒவ்வொரு படியாக. வீட்டுச் செருப்பு, இஸ்திரி போட்ட சட்டை. அது நான் தேய்த்துக் கொடுத்ததுதான்.

"ஃபத்லோ, நீங்க என்னைத் திருடன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லல. மீட்டர் சொல்லுது. வீட்ல எல்லாம் ஆஃப். நாப்பது சிமிட்டுது."

"நல்லது." அவர் கையைக் கட்டிக்கொண்டார். "வீட்டுக்குள்ள மெயின் சுவிட்ச் இருக்கா?"

"புதுப் பெட்டி. போன மாசம்தான் மாட்டினாங்க."

"அதை அணைக்கச் சொல்லுங்க. அணைச்ச பிறகும் இது சிமிட்டுச்சுன்னா, வெளியில யாரோ கொக்கி போட்டிருக்காங்க. நானே போலீசுக்கு நடந்து போறேன். நின்னுடுச்சுன்னா திருடன் உங்க வீட்டுக்குள்ளதான் இருக்கான்."

யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. ஐந்து ஆம்ப் வீடுகளில் மெயினை நாங்கள் அணைப்பதே இல்லை, அதுவாகத்தான் விழும்.

போனில் சொன்னேன். "விதாத், மெயின அணை."

மூன்று பேரும் மீட்டர் மேல் குனிந்தோம். சிவப்புப் பொட்டு ஒருமுறை சிமிட்டியது. இன்னொரு முறை.

நின்றது.

ஃபத்லோ தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நக்லே புருவத்தை மட்டும் உயர்த்தினார். வகுப்பில் அதற்கே பையன்கள் நடுங்குவார்களாம்.

"மறுபடி போடு" என்றேன் போனில்.

நாற்பது.

மணி பதினொன்று பத்து. ஃபத்லோவின் போன் அடித்தது. பேசிவிட்டு என்னைப் பார்த்தார். "அபு ஸுஹேல். வேன் கிளம்பிடுச்சாம்."

"நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்ல? நாப்பது சிமிட்டுக்குக் காரணம் தெரியாம ஃப்ரீசர வச்சுக்கறதா? அடுத்த மாசமும் நூத்தி நாப்பது வந்தா? ஃப்ரீசரும் போய், இந்த பத்து ஆம்பும் போய், பழையபடி அஞ்சுலயே இருந்துடறோம்மா. அது நிம்மதி."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனிதர் பயந்திருந்தார். நான் நான்கு மாடி ஏறினேன். லிஃப்ட் சர்க்காரை நம்பியது. சர்க்கார் இல்லாவிட்டால் அது சும்மா ஒரு அலமாரி.

விதாத் கூடத்தின் நடுவில் நின்றாள். சுற்றிலும் பிடுங்கிப் போட்ட பிளக்குகள். ஃப்ரீசர் மூடியின்மேல் இரண்டு கம்பளம். உருகிவிடக் கூடாதாம்.

"எல்லாத்தயும் பாத்துட்டோம் ஹியாம். கட்டிலுக்கு அடியிலகூடப் பாத்தோம். சுவத்துக்குள்ள ஏதாவது பேய் இருக்கோ என்னவோ."

"ஆன்ட்டி, கையப் பாருங்க" என்றாள் லமீஸ்.

பார்த்தேன். மீட்டர் பெட்டியின் கறுப்புத் தூசி முழங்கை வரை ஏறியிருந்தது. மாலைக்குள் ஒரு வெள்ளைக் கவுன் முடித்துக் கொடுக்க வேண்டும். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, கையை நீட்டினேன்.

அலறினேன்.

"என்னடி?"

"தண்ணி! கொதிக்குது!"

"ஆமா, அந்தப் பக்கம் திருப்பினா சுடுதண்ணி. நீதான் பாத்துத் திருப்பணும்" என்றாள் விதாத்.

"சுடுதண்ணி எப்படி வந்துச்சு?"

"இதென்ன கேள்வி? சர்க்கார் வந்தப்ப சுட்டிருக்கும். ஹீட்டர் எப்பவும் சர்க்கார் லைன்லதானே? சுவிட்ச போட்டே வச்சிருப்போம், அது வரும்போது சுட வச்சுட்டுப் போகும். உன் வீட்லயும் அப்படித்தானே?"

என் வீட்டிலும் அப்படித்தான். கட்டடம் முழுக்க அப்படித்தான். ஹீட்டர் சுவிட்சை நாங்கள் யாரும் வீட்டு சாமான்களோடு சேர்த்து எண்ணுவதே இல்லை. அது தனி லைன், சர்க்காருடையது.

"சர்க்கார் எப்ப வந்துச்சு?" என்றேன்.

"ராத்திரி வந்திருக்கும், நாங்க தூங்கும்போது. பத்து ஆம்ப் வந்ததுலருந்து எது சர்க்கார், எது ஜெனரேட்டர்னே எங்களுக்குத் தெரியறதில்ல. எதுவும் விழறதில்ல பாரு. ஆனா இந்த மாசம் சர்க்காருக்குப் புண்ணியம், எப்பத் திறந்தாலும் சுடுதண்ணி."

"நான் காலையும் சாயந்தரமும் தலைக்கு ஊத்திக்கிட்டேன்" என்றாள் லமீஸ் பெருமையாக.

என் வீட்டுச் சோபா என் கண்ணுக்குள் வந்தது. அந்தத் துணி மலை.

"விதாத், நான் கடைசியா இஸ்திரி போட்டது என்னிக்குத் தெரியுமா? போன வாரம் வியாழக்கிழமை. வாத்தியார் சட்டையோட சேத்து. அதுக்கப்புறம் ஒன்பது நாள். பகல்ல வரல. ராத்திரியும் வரல, இஸ்திரிப் பெட்டிய சர்க்கார் லைன்ல செருகி, சுவிட்சப் போட்டு, அதோட சிவப்பு விளக்குக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கறவ நான். ஒன்பது நாளா நம்ம தெருவுக்கு சர்க்காரே வரல!"

மூவரும் ஒரே நேரத்தில் குளியலறைப் பக்கம் திரும்பினோம்.

கதவுக்குப் பின்னால், ஃபத்லோவின் குளியல் அங்கிக்கு அடியில், சுவரில் ஒரு சுவிட்ச். அதில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு. எரிந்துகொண்டிருந்தது.

விதாத் கையை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அணைக்கட்டுமா?"

"அணைடி!"

டக்.

ஒரு நொடி. இரண்டு நொடி. படிக்கட்டின் அடியிலிருந்து வாத்தியார் நக்லேயின் குரல், பள்ளிக்கூடத்தின் மூன்று மைதானங்களுக்குக் கேட்கும் குரல், ஏறி வந்தது:

"நின்னுடுச்சு! முழுசா நின்னுடுச்சு! என்ன பண்ணீங்க?"

விதாத் ஈரக் குளியலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஃபத்லோ மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் நக்லே. விஷயத்தைச் சொன்னேன். வாத்தியார்தான் முழுக் கணக்கையும் கட்டினார். ஐந்து ஆம்ப் இருந்தபோது ஹீட்டர் வயர் தனியாக சர்க்கார் லைனில் இருந்தது. போன மாதம் புதுப் பெட்டி மாட்ட வந்தவன் எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து பத்து ஆம்பில் முடிச்சுப் போட்டுவிட்டான். ஐந்தாக இருந்திருந்தால் அன்றைக்கே பிரேக்கர் விழுந்து காட்டிக்கொடுத்திருக்கும். பத்து, மூச்சுக் காட்டாமல் சுமந்துவிட்டது.

"நாம எல்லாரும் பிரேக்கரக் காவல்காரனா வச்சிருந்தோம்" என்றார். "விழலன்னா ஒண்ணும் ஓடலன்னு நெனப்பு."

"அப்போ நேத்து நான் பாத்த சோதனை?" என்றார் ஃபத்லோ.

"நீங்க ஃப்ரீசரப் பிடுங்கிட்டு நாலு மாடி இறங்கறதுக்குள்ள, தண்ணி சுட்டு முடிஞ்சு ஹீட்டர் தானா நின்னிருக்கும். பழி ஃப்ரீசர் மேல."

ஃபத்லோ குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்படின்னா ஒரு மாசமா நான் குளிச்சதெல்லாம்..."

"ஜெனரேட்டர் தண்ணிங்க" என்றாள் விதாத். "அரை மணி நேரம், பாட்டோட."

"அடக் கடவுளே. மீன் ஏலத்துல சர்க்காரப் பாராட்டிப் பேசினேனே! 'முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் ராத்திரி தவறாம கரண்ட் தர்றாங்க'ன்னு. ரெண்டு பேரு என்னோட சண்டைக்கே வந்தாங்க. ஒருத்தன்கூட நான் பேசறதையே நிறுத்திட்டேன்!"

"போய்ப் பேசுங்க. மன்னிப்பும் கேளுங்க" என்றார் நக்லே. பிறகு தொண்டையைச் செருமினார். "வரிசையில நானும் ஒருத்தன் நிக்கறேன்."

ஃபத்லோ எழுந்து வாத்தியாரின் கையைப் பிடித்தார். "என் வாயி மீன் மார்க்கெட் வாயி வாத்தியாரே. மனசுல வச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த அஞ்சு ஆம்புல கேக்கு, பாட்டு, மீன் தொட்டி, எப்படி?"

"டைம்டேபிள்" என்றார் நக்லே.

"என்னது?"

"ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன். ஏழு மணி கெட்டில். ஏழு பத்து ரொட்டி. அடுப்பு போடும்போது பாட்டு இல்ல, மீன் தொட்டி மோட்டார் மட்டும். எல்லாரும் ஒரே பீரியட்ல பேசக் கூடாது. அவ்வளவுதான்."

இத்தனை வருடப் புதிர். கட்டடமே காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, மூன்றாம் மாடியில் யாரோ "அட!" என்றது எங்களுக்கும் கேட்டது.

கீழே ஹாரன் அடித்தது.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். ஃப்ரீசரைத் தூக்க இரண்டு ஆட்களும், கயிறோடு ஓட்டுநரும் நான்கு மாடி ஏறி வந்தார்கள். ஓட்டுநருக்கு முகம் கறுத்திருந்தது.

"எங்க இருக்கு பெட்டி?"

விதாத் கணவனைப் பார்த்தாள். கூப்பிட்டது அவர், அவர்தான் சொல்ல வேண்டும்.

ஃபத்லோ போய், ஃப்ரீசரின் பிளக்கை எடுத்து, துடைத்து, சுவரில் செருகினார். மோட்டார் முனகிக்கொண்டு எழுந்தது. மூடியின்மேலிருந்த கம்பளங்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

"பெட்டி எங்கயும் போகல" என்றார். "இது நிமிஷத்துக்கு மூணு சிமிட்டுதான் திங்குது. நான் அதவிட அதிகம் தின்னேன். என்னை வேணா எடுத்துட்டுப் போங்க."

"நாலு மாடி! கயிறோட!" என்று கத்தினார் ஓட்டுநர். "எங்கள என்னன்னு நெனச்சீங்க? டீசலுக்கு யாரு..."

"உக்காருங்க" என்றாள் விதாத். "எண்ணெய் காய வைக்கறேன்."

பத்து நிமிடத்தில் கத்தல் நின்றது. ஆளுக்கு நான்கு கிப்பே, தயிர், ஊறுகாய்க் கிழங்கு. ஓட்டுநர் ஐந்தாவதை எடுத்துவிட்டு, வாயில் போட்டபடியே கேட்டார்: "இது ஒறைஞ்சதா? நம்பவே முடியல. என் மச்சினி வீட்ல வியாழக்கிழமை விருந்து. நாலு டஜன் கிடைக்குமா?"

"ஃப்ரீசரக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் விதாத். எனக்குத் தெரிந்து அவள் கடைப் பேச்சு பேசியது அதுதான் முதல் தடவை. நன்றாகவே பேசினாள்.

நூற்று நாற்பத்திரண்டைப் பற்றி யாரும் அப்புறம் வாய் திறக்கவில்லை. ஃபத்லோ இந்த மாதம் காப்பிக்கடைக்குப் போகமாட்டார் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. ஹீட்டர் வயரைப் பழையபடி மாற்ற ஆள் திங்கட்கிழமைதான் வருவான். அதுவரைக்கும் சுவிட்சில் யாரும் கை வைக்கக் கூடாது என்று வாத்தியார் ஒரு தாளில் எழுதி, குளியலறைக் கதவில் ஒட்டினார். 'சர்க்கார் வந்தால் மட்டும்.' கீழே சின்ன எழுத்தில்: 'வந்ததை ஹியாம் உறுதி செய்ய வேண்டும்.'

இப்படியாக நான் கட்டடத்தின் அதிகாரி ஆனேன்.

அன்று மாலை நான்கு மணி. வெள்ளைக் கவுனின் கடைசி மடிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஜெனரேட்டரின் உறுமல் சட்டென்று அறுந்தது. ஒரு நொடி அமைதி. பிறகு என் மேசையின் ஓரத்தில், ஒன்பது நாளாகச் செத்துக் கிடந்த இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

தெரு முழுக்க ஒரே கூச்சல். வாஷிங் மெஷின் கதவுகளை அடைக்கும் சத்தம். லிஃப்ட் முனகிக்கொண்டு எழுந்தது.

நான் ஓடினேன். சமையலறைச் சுவரில் எல்லா மாடிக்கும் ஏறிப்போகும் தண்ணீர்க் குழாயைக் கத்தரிக்கோலின் பிடியால் மூன்று முறை தட்டினேன். டங். டங். டங்.

மேலிருந்து பதிலுக்கு மூன்று டங்.

துணி மலையின் உச்சியிலிருந்து முதல் பேன்ட்டை எடுத்து விரித்தேன். தண்ணீர் தெளித்தேன். பெட்டி பட்டதும் ஆவி உஸ்ஸென்று எழுந்தது. ஒன்பது நாள் சுருக்கம் ஒரே இழுப்பில் படிந்தது. அந்தச் சுகம் தேய்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பதினோராவது பேன்ட்டில் இருந்தபோது, நான்காவது மாடியிலிருந்து ஃபத்லோவின் பாட்டு குழாய் வழியே இறங்கி வந்தது. காலையில் பாடிய அதே பாட்டு. இந்தத் தடவை முழுக்க முழுக்க சர்க்கார் செலவில்.

கூடவே மேலிருந்து என் பால்கனிக்குக் கயிற்றுக் கூடை ஒன்று ஆடி ஆடி இறங்கி நின்றது. உள்ளே துணி போர்த்திய தட்டு. இன்னும் சூடாக இருந்தது.